புதுப் பயறு எது என்று சொல்லி விற்கும் கடை

மதுரைக் கீழமாசி வீதியிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்றில், இரண்டு மொத்த வியாபாரக் கிட்டங்கிகளுக்கு நடுவே, பன்னிரண்டடி அகலத்துக்கு மிகாத ஒரு பயறுக்கடை இருக்கிறது. பெயர்ப்பலகையின் எழுத்துகள் வெயிலில் வெளிறிவிட்டன. சுற்றுவட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் ‘பயறுக்கடை’ என்றே வழி சொல்கிறார்கள். அரிசி, எண்ணெய், மசாலாப் பொடி எதுவும் அங்கே கிடையாது. பருப்பும் பயறும் மட்டுமே விற்கிறார்கள். சென்ற தை மாதக் கடைசியில் முதன்முறையாகப் போனேன். இப்போது ஆடி பிறந்துவிட்டது. இந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் வெந்த பருப்பும் பயறும், ஒரே ஒருமுறை அவசரத்துக்கு வெளியே வாங்கியதைத் தவிர, அங்கிருந்து வந்தவைதாம். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு நாள்தோறும் சமைக்கும் ஒருவர் ஒரு கடையைப் பற்றி எழுதுவதற்கு இந்தக் காலம் போதும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடைக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு துவரம்பருப்பு. வீட்டருகே உள்ள ஒரு கடையில் வாங்கிய பொட்டலம் அது. பளபளவென்று, ஒரே அளவாக, கண்ணுக்கு அழகாக இருந்தது. அரைமணி நேரம் ஊறவைத்துக் குக்கரில் ஏற்றினால், ஐந்து விசில் வந்த பின்னும் பருப்பு தனித்தனியாக நின்றது. மீண்டும் ஏற்றினேன். அப்போதும் ஓரங்கள் கரைந்தனவே தவிர, உள்ளே ஒரு கடினமான மணி மிச்சமிருந்தது. பல் கட்டியிருக்கும் என் மாமனார் அன்று மோர் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார். தண்ணீரைக் குறை சொன்னேன். குக்கரின் கேஸ்கட்டைக் குறை சொன்னேன். கேஸ்கட்டை மாற்றியும் பார்த்தேன். பிறகுதான் ஒரு உறவினர் இந்தக் கடையைச் சொன்னார். கையோடு அந்தப் பருப்பில் கொஞ்சம் முடிந்து எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்து, ஒன்றைப் பல்லில் வைத்துக் கடித்துவிட்டு, “இது போன வருசத்துக்கும் முந்தின சரக்கும்மா. பாலிஷ் போட்டா வயசு தெரியாது, வேகும்போதுதான் தெரியும்” என்றார்.

இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல விரும்புவதன் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது. பருப்புக்கும் வயது உண்டு. காய்கறியின் வயதை நாம் காம்பிலும் தோலிலும் பார்த்துக் கண்டுகொள்கிறோம். மீனுக்குச் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். பழைய அரிசியையும் புதிய அரிசியையும் பெயர் சொல்லியே கேட்டு வாங்குகிறோம். பருப்பு மட்டும் கெடாத பொருள் என்ற நம்பிக்கையில் எதையும் கேட்காமல் பைக்குள் போட்டுக்கொள்கிறோம். அது கெடுவதில்லை என்பது ஓரளவு உண்மைதான். ஆனால் வேகும் குணம் குறைந்துகொண்டே போகிறது. பயறின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்திருப்பது பெக்டின் என்ற பசை. அது வெந்நீரில் இளகும்போதுதான் பருப்பு குழைகிறது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கிட்டங்கியில் பயறு மாதக்கணக்கில் கிடக்கும்போது, அதிலுள்ள பைட்டேட் என்ற பொருள் சிதைந்து, அது பிடித்து வைத்திருந்த சுண்ணாம்புச் சத்தையும் மெக்னீசியத்தையும் வெளியே விடுகிறது. அவை பெக்டினோடு சேர்ந்து அதை இளகவிடாமல் இறுக்கிவிடுகின்றன. அதன் பிறகு எத்தனை விசில் விட்டாலும் அந்தப் பிடி எளிதில் விடுவதில்லை. நம் ஊரின் கோடையும் கடலோரத்தின் ஈரக்காற்றும் இதற்கு மிகவும் தோதானவை.

பொட்டலத்தின் மேல் அச்சிட்ட தேதி இதற்கு உதவுவதில்லை. அது பொட்டலம் கட்டிய தேதியே தவிர அறுவடை செய்த தேதி அன்று. இரண்டு ஆண்டு மூட்டையில் கிடந்த துவரையை நேற்று உடைத்து, மெருகேற்றி, இன்று பொட்டலம் கட்டினால், தேதி இன்றையதாகத்தான் இருக்கும்.

பயறுக்கடையில் ஒவ்வொரு சாக்கின் வாயையும் மடித்து வைத்து, அதில் ஒரு அட்டையைச் செருகியிருக்கிறார்கள். அட்டையில் கையெழுத்தாக மூன்று செய்திகள் இருக்கின்றன: பயறின் பெயர், வந்த ஊர், அறுவடை மாதம். ‘உளுந்து, தஞ்சைத் தரிசு, பங்குனி’ என்று ஒன்று. ‘பாசிப்பயறு, விளாத்திகுளம் கரிசல், மாசி’ என்று இன்னொன்று. துவரை பெரும்பாலும் கர்நாடகத்துக் குல்பர்காவிலிருந்து வருவது. அந்த ஊர்த் துவரம்பருப்பு புவிசார் குறியீடு பெற்றது. வெளிநாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கு என்று அவர்கள் சொல்வதில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். பர்மா உளுந்து என்றால் பர்மா என்றே எழுதியிருக்கிறது. ஆப்பிரிக்கத் துவரைக்கும் அப்படியே. பர்மா உளுந்தில் ஒரு குறையும் இல்லை, வடைக்கு அது நன்றாகவே வரும் என்றும் சொல்லி விற்கிறார்கள். இட்லிக்கு மட்டும் நான் தஞ்சைத் தரிசு உளுந்தைக் கேட்கிறேன். சம்பா அறுவடைக்குச் சற்று முன்பு, வயலில் ஈரம் காயுமுன் தை மாதத்தில் விதைத்து, அந்த ஈரத்திலும் பனியிலுமே வளர்ந்து, பங்குனி சித்திரையில் அறுவடையாகும் உளுந்து அது. சித்திரையில் வாங்கிய புதுச் சரக்கை ஆட்டியபோது மாவு உரலைத் தாண்டிப் பொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். அரிசியின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது.

முதல் முறை இரண்டு கிலோ துவரம்பருப்பு வாங்கி வந்து, என்னிடம் மிச்சமிருந்த பழைய பருப்போடு சேர்த்து வேகவைத்துப் பார்த்தேன். இரண்டையும் தனித்தனிக் கிண்ணங்களில், ஒரே அளவு தண்ணீரில், அரைமணி ஊறவைத்து, ஒரே குக்கருக்குள் வைத்தேன். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து எட்டு நிமிடம் வைத்து இறக்கியபோது புதிய பருப்பு கரண்டியின் பின்புறம் பட்டதும் மசிந்தது. பழையது மூன்றாம் முறை ஏற்றிய பிறகுதான் ஓரளவு வழிக்கு வந்தது. புதிய பருப்பு பார்வைக்கு அழகில்லை. மங்கலான மஞ்சளாக, மேலே லேசான மாவுப்பொடியோடு, சில இடங்களில் தோலின் துணுக்கு ஒட்டியபடி இருந்தது. எண்ணெய் மெருகு இல்லாத பருப்பின் இயல்பான தோற்றம் அதுதான். கழுவும் தண்ணீர் மஞ்சளாக வழிந்தால் நிறமேற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இந்தப் பருப்பின் கழுநீர் வெறுமனே வெண்மையாகக் கலங்கியிருந்தது.

இந்தக் கடையில் செம்மண் கட்டிய துவரையும் கிடைக்கிறது. முழுத் துவரையை ஊறவைத்து, செம்மண் குழைவில் புரட்டி, வெயிலில் காயவைத்துப் பிறகு உடைக்கும் பழைய முறை அது. தோல் எளிதில் கழன்றுவிடும். உடைக்காமல் வைத்திருந்தால் வண்டும் எளிதில் அண்டாது. என் பாட்டி வீட்டுத் திண்ணையில் திருகையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து பாட்டுப் பாடி உடைத்த பருப்பின் மணம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடையில் வாங்கிய செம்மண் பருப்பில் அதே மணத்தைக் கண்டேன் என்று எழுதும்போது நான் மிகைப்படுத்தவில்லை. சாம்பாருக்கு அதை வீணாக்க வேண்டாம். வெறுமனே வேகவைத்து, உப்பும் பூண்டும் சேர்த்துக் கடைந்து, நெய்யோடு சுடுசோற்றில் பிசைந்து உண்ண வேண்டிய பருப்பு அது.

முழுப்பயறுகளில்தான் கடையின் தரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தட்டைப்பயறு, மொச்சை, கொள்ளு, கொண்டைக்கடலை, பாசிப்பயறு ஆகியவற்றை மாறிமாறி வாங்கியிருக்கிறேன். முழுப்பயறு வாங்குபவர்கள் பார்க்க வேண்டிய அடையாளத்தைக் கடைக்காரர்தாம் எனக்குக் காட்டினார். பயறின் தோலில் சிறு வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அவை வண்டின் முட்டைகள். வட்டமான துளை இருந்தால் வண்டு உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள். வண்டு பெரும்பாலும் வயலிலேயே காயின் மேல் முட்டையிட்டுவிடுவதால், நல்ல கடையில் வாங்கிய பயறிலும் பின்னால் வண்டு வரலாம். அப்படித்தான் வைகாசியில் இங்கே வாங்கிய மொச்சையில் மூன்று வாரத்தில் துளை கண்டது. கொண்டுபோய்க் காட்டினேன். வாதாடாமல் மாற்றிக் கொடுத்தார்கள். ஆனால் மாற்றிக் கொடுத்த மொச்சையையும் வீட்டில் பரப்பிப் பார்த்தபோது நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் தென்பட்டன. மொச்சையைப் பொறுத்தவரை இந்தக் கடையின் கவனம் துவரையில் காட்டும் கவனத்துக்கு ஈடாக இல்லை. அதன் பிறகு மொச்சையை அரைக் கிலோவுக்கு மேல் வாங்குவதில்லை. வாங்கியதும் ஒரு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, ஆறவிட்டு, மூடியிறுகிய டப்பாவில் கொட்டி, மேலே நாலைந்து காய்ந்த மிளகாயைப் போட்டுவிடுகிறேன்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் எந்தப் பயறுக்கும் மதிப்பெண் போட முடியாது. உப்புக் கிணற்றைப் பற்றி நம் ஊரில் ‘பருப்பு வேகாத தண்ணீர்’ என்று சொல்வது வெறும் பேச்சு அன்று. கடின நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, முன்னே சொன்ன அதே இறுக்கத்தை உண்டாக்குகிறது. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் கொண்டைக்கடலையை வேகவைத்ததற்கும், குடிநீர்க் குழாய் நீரில் வேகவைத்ததற்கும் பத்து நிமிட வேறுபாடு இருந்தது. ஆகவே ஊறவைப்பதற்கும் வேகவைப்பதற்கும் குடிக்கும் நீரையே பயன்படுத்துகிறேன். ஊறவைக்கும் நீரில் சிறிது உப்புச் சேர்ப்பது தோலை மென்மையாக்குகிறது. உப்புப் போட்டால் வேகாது என்று நம் வீடுகளில் சொல்வது இந்த இடத்தில் பொருந்தாது. நானும் அப்படியே நம்பியிருந்து, பிறகு செய்து பார்த்து மாற்றிக்கொண்டேன். புளியைப் பற்றிப் பெரியவர்கள் சொன்னது முழுக்க உண்மை. புளிப்பு பெக்டினை இளகவிடாது. பயறு நன்றாக வெந்த பிறகுதான் புளிக்கரைசலிலோ தக்காளியிலோ சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்துவிட்டால் எத்தனை புதிய பயறாயினும் தோல் விறைத்து நிற்கும். சமையல் சோடா பழைய பயறையும் வேகவைத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது தயமின் என்ற பி-1 உயிர்ச்சத்தை அழித்துவிடுகிறது. நல்ல பயறு கிடைத்தால் சோடாவுக்கு வேலையே இல்லை. இந்த ஆறு மாதத்தில் நான் சோடா டப்பாவைத் திறக்கவில்லை.

பயறு எளிதாக வேகிறது என்பது சிறிய வசதிபோலத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அது உணவையே மாற்றியது. ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு 85 கிராம் பருப்பும் பயறும் என்று அளவு தரப்பட்டுள்ளது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இது மாதத்துக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் வருகிறது. முட்டை, மீன், இறைச்சி உண்பவர்கள் அதில் ஒரு பங்கை அவற்றால் ஈடுசெய்துகொள்ளலாம். நாங்கள் முன்பு மாதத்துக்கு மூன்று கிலோ வாங்கிக்கொண்டிருந்தோம். அதிலும் பெரும்பகுதி தண்ணீராக நீட்டிய சாம்பாருக்கும் தாளிப்புக்கும் போனது. இப்போது ஆறிலிருந்து ஏழு கிலோ ஆகிறது. பெரும்பாலான பருப்பிலும் பயறிலும் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் வரை புரதம் இருக்கிறது. புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் பயறில் நிறைய இருக்கிறது. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. பொங்கல், அடை, இட்லி ஆகியவற்றை வகுத்தவர்கள் இந்தப் பெயர்களை அறிந்திருக்கவில்லை. ஆனால் சேர்மானத்தை அறிந்திருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு உள்ள மரியாதை, குக்கரை அடுப்பில் ஏற்றும் ஒவ்வொரு காலையிலும் கூடுகிறது.

நாள்தோறும் என்னென்ன சமைக்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். ஏனெனில் சரக்கின் தரம் குழம்பில்தான் தெரியும். தட்டைப்பயறை நான்கு மணி நேரம் ஊறவைத்தால் முதல் விசிலுக்குப் பின் எட்டு நிமிடத்தில் வெந்துவிடுகிறது. கத்தரிக்காயோடு புளிக்குழம்பில் அதைச் சேர்த்தால் தனியாகப் பொரியல்கூடத் தேவைப்படுவதில்லை. கொள்ளை இரவே ஊறவைத்து, மறுநாள் வேகவைத்து, வெந்த நீரை வடித்து ரசமாக்கி, பயறைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் வதக்கிச் சேர்த்து அரைத்துத் துவையலாக்குகிறேன். கொங்கு நாட்டில் இதையே கொள்ளுப்பருப்பு என்று கடைகிறார்கள். திருநெல்வேலிப் பக்கம் கொள்ளுக்குக் காணம் என்று பெயர். இந்தக் கடையின் கொள்ளில் கல் அறவே இல்லை. கொள்ளின் நிறத்திலேயே கல்லும் இருக்கும் என்பதால் அரித்து அரித்துச் சலித்துப்போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது தெரியும்.

உளுந்தஞ்சோறு எங்கள் வீட்டில் இப்போது வாரம் ஒருமுறை. இரண்டு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு தொலியுடன் உடைத்த கறுப்பு உளுந்து. உளுந்தை மணம் வரும்வரை வறுத்து, பூண்டு, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பூ சேர்த்து, அரிசியோடு குழைய வேகவைத்து, எள்ளுத் துவையலோடு பரிமாறுகிறேன். தொலி உளுந்தை மூன்று கடைகளில் வாங்கிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: பழைய தொலி உளுந்தில் தோலும் பருப்பும் பிரிந்து, தோல் தனியாகக் குப்பைபோல மிதக்கும், இங்கே வாங்கியதில் இரண்டும் ஒன்றாகக் குழைகின்றன. என் மகளுக்கு முதலில் அந்தச் சாம்பல் நிறம் பிடிக்கவில்லை. மூன்றாம் வாரம் பள்ளிக்குக் கட்டித்தரச் சொல்லிக் கேட்டாள்.

மாலைச் சுண்டலுக்குக் கறுப்புக் கொண்டைக்கடலையைப் பரிந்துரைக்கிறேன். வெள்ளையைவிட உருவில் சிறியது, தோல் தடிப்பானது, நார்ச்சத்து கூடியது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் வேகவைக்க வேண்டும். பயறு உண்டால் வயிறு உப்புகிறது என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒன்றைச் செய்து பார்க்கலாம். வாயுவை உண்டாக்கும் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் போன்ற சர்க்கரைகளில் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடுகிறது. முளைகட்டினால் இன்னும் குறைகிறது. சுண்டலை இறக்கிய பின் எலுமிச்சை பிழிவது சுவைக்காக மட்டும் அன்று. பயறிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்றுக்கொள்ள அந்தப் புளிப்பிலுள்ள வைட்டமின் சி உதவுகிறது. முளைகட்டும் திறன் பயறின் வயதைக் காட்டும் இன்னொரு சோதனை. விளாத்திகுளத்துப் பாசிப்பயறு நூறில் ஐந்தாறு தவிர மற்றவை அனைத்தும் ஒரே இரவில் முளைவிட்டன. முன்பு பொட்டலத்தில் வாங்கியதில் கால்வாசி கல்லுப்பயறாகவே கிடக்கும்.

ராஜ்மாவும் வைத்திருக்கிறார்கள், எங்கள் வீட்டில் அதிகம் சமைப்பதில்லை. ஆனாலும் அதை வாங்கும் ஒவ்வொருவரிடமும், இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து முழுக்க வேகவைக்க வேண்டும் என்று கடைக்காரரின் மனைவி சொல்லியே தருகிறார். சரியாக வேகாத ராஜ்மாவிலுள்ள லெக்டின் என்ற புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். சூடு குறைவான மின்பானையில் மெதுவாக வேகவைப்பவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். விற்கும் இடத்திலேயே இதை எடுத்துச் சொல்பவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

விலையில் பெரிய வேறுபாடு இல்லை. பொட்டலப் பருப்பைவிடத் துவரை சற்று மலிவு. செம்மண் பருப்பும் தரிசு உளுந்தும் சற்றுக் கூடுதல். நூறு கிராம் கேட்டாலும் முகம் கோணாமல் நிறுத்துத் தருகிறார்கள் என்பது விலையைவிட எனக்கு முக்கியம். புதிய பயறு ஒன்றைச் சமைத்துப் பார்க்கக் கிலோக்கணக்கில் வாங்கத் தேவையில்லை. அப்படித்தான் நரிப்பயறை நூறு கிராம் வாங்கி, பிடித்துப்போய், இப்போது மாதந்தோறும் வாங்குகிறேன்.

குறைகளைச் சொல்லாவிட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாகாது. அட்டையில் எழுதிய அறுவடை மாதத்தைச் சரிபார்க்க வாங்குபவரிடம் வழியில்லை. கடைக்காரரின் சொல்லை நம்ப வேண்டியதுதான். ஆனி மாதம் ஒருமுறை, பாசிப்பருப்புச் சாக்கில் பழைய அட்டை மாற்றப்படாமல் இருந்தது. கேட்டதும் ஒப்புக்கொண்டு உடனே மாற்றினார்கள். கேட்காதவர்கள் பழைய அட்டையை நம்பித்தான் வாங்கிப் போயிருப்பார்கள். சாக்குகள் திறந்த வாயோடு இருப்பதால் சந்தின் தூசி படிகிறது. சமைக்குமுன் மூன்று முறை கழுவ வேண்டியிருக்கிறது. வண்டி நிறுத்த இடமே இல்லை. காலையில் மூட்டை இறக்கும் நேரத்தில் சந்துக்குள் நடப்பதே கடினம். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம், வாசலில் ஏற நான்கு உயரமான படிகள் இருக்கின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் வசதியும் இல்லை. வெளியூரில் உள்ளவர்கள் கேட்டால் பார்சல் அனுப்புவதில்லை என்று சொல்லிவிடுகிறார்கள்.

சர்க்கரை நோய் உள்ள என் கணவருக்குச் சோற்றைக் குறைத்துப் பயறைக் கூட்டியதில், இரண்டு வேளைக்கு நடுவே வரும் பசி தணிந்திருக்கிறது. பயறின் மாவுச்சத்து மெதுவாகச் செரிப்பதால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறுவதில்லை. மாத்திரையை அதற்காக நாங்கள் மாற்றவில்லை. அது மருத்துவர் முடிவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பயறைக் கூட்டுமுன் தங்கள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும். மாமனார் இப்போது கடைந்த பாசிப்பருப்பை இரவிலும் கேட்கிறார்.

முதன்முறை போகிறவர்கள் துவரம்பருப்பு அரைக் கிலோ, தட்டைப்பயறு கால் கிலோ, தொலி உளுந்து கால் கிலோ வாங்கிப் பார்க்கலாம். மொச்சையை மட்டும் தட்டில் கொட்டச் சொல்லி, வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள். அவர்கள் தவறாக நினைப்பதில்லை. கடை காலை பத்து மணிக்குத் திறக்கிறது. மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கதவு சாத்தியிருக்கும், ஞாயிறு விடுமுறை. செம்மண் துவரை இந்த ஆண்டுச் சரக்கு தீர்ந்துவிட்டது, இனி தை அறுவடைக்குப் பிறகுதான் வரும் என்று சென்ற வாரம் சொன்னார்கள். எங்கள் டப்பாவில் இன்னும் இரண்டு உழக்கு இருக்கிறது.